வாரத்துக்கு ஒரு சிலிண்டர்: பீர் கெக் வாயு இணைப்பில் ஒரு கசிவு ஆய்வு

வீட்டில் பீர் காய்ச்சும் நண்பர் ஒருவரின் அமைப்பில், 2.27 கிலோ கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய சிலிண்டர் ஒரு வாரம்கூட நிற்காமல் காலியானது. மறுபடி நிரப்பி மாட்டினார். மறுபடியும் அதே கதை. இணைத்திருந்தவை 19 லிட்டர் கெக்குகள், அதாவது பீரை அழுத்தத்தில் வைத்து ஊற்றும் உலோகக் கலன்கள், இரண்டே இரண்டு.

இது எவ்வளவு பெரிய இழப்பு என்று முதலில் ஒரு கணக்கு. 4 டிகிரி செல்சியஸில் 12 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு) அழுத்தத்தில் வைத்தால், பீரில் அதன் கன அளவைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வாயு கரையும். எடையில் சொன்னால் லிட்டருக்கு 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. நொதித்தலின்போதே பீரில் தங்கிவிடும் வாயுவைக் கழித்தால், ஒரு கெக்குக்கு 60 கிராம் சேர்க்க வேண்டியிருக்கும். பிறகு பீர் வெளியேற வெளியேறக் காலியாகும் 19 லிட்டர் இடத்தையும் அதே அழுத்தத்தில் நிரப்ப இன்னொரு 65, 70 கிராம். காற்றை வெளியேற்ற ஊதுவதையும் சேர்த்துத் தாராளமாக 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2.27 கிலோவில் பதினைந்து கெக் ஓட்டலாம். இங்கே இரண்டு கெக் பாதிகூடக் காலியாகவில்லை, அதற்குள் சிலிண்டர் தீர்ந்துவிட்டது.

அமைப்பு

எல்லாம் வழக்கமான பொருட்கள்தான். அலுமினிய சிலிண்டர், கார்பன் டை ஆக்சைடுக்கான சி.ஜி.ஏ. 320 வகை வால்வு. அதில் அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும், இரண்டு கேஜ் கொண்ட ஒற்றை ரெகுலேட்டர். மேல் அழுத்தக் கேஜ் சிலிண்டர் பக்க அழுத்தத்தையும் கீழ் அழுத்தக் கேஜ் கெக்குக்குப் போகும் அழுத்தத்தையும் காட்டும். ரெகுலேட்டரின் வெளிவாயில் பித்தளை இணைப்பு, அதிலிருந்து 8 மில்லி மீட்டர் உள்விட்டக் குழாய், இரண்டாகப் பிரிக்கும் மேனிஃபோல்டு. மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் எதிர்த்திசையில் வாயு திரும்பாமல் தடுக்கும் செக் வால்வுடன் கூடிய அடைப்பான். அங்கிருந்து இரண்டு குழாய்கள். ஒவ்வொன்றின் முனையிலும் கெக்கில் மாட்டிக் கழற்றும் பால்-லாக் வகைச் சாம்பல் நிற வாயு டிஸ்கனெக்ட். கெக் இரண்டும் குளிர்பான ஆலைகளிலிருந்து வந்த பழைய கார்னி கெக்குகள். சிலிண்டர் உட்பட எல்லாமே ஒரே ஃப்ரிட்ஜுக்குள்.

நான் பார்க்கும்போது கண்ணில் முதலில் பட்டது வெள்ளை நிறம். மரை இருந்த இடமெல்லாம் டெஃப்லான் டேப். சிலிண்டர் வால்வில், ரெகுலேட்டர் வெளிவாயில், மேனிஃபோல்டில், டிஸ்கனெக்டின் மரையில், டிஸ்கனெக்ட் மாட்டும் கெக் வாயான போஸ்ட்டின் அடியில்கூட. முதல் சிலிண்டர் தீர்ந்ததும் அவர் எல்லாவற்றையும் கழற்றி, டேப் சுற்றி, பெரிய ஸ்பேனரால் இறுக்கியிருந்தார். இரண்டாவது சிலிண்டர் முதலாவதைவிடச் சீக்கிரம் தீர்ந்தது என்பது அவருக்குப் புரியாத புதிர். எனக்கு அதுதான் முதல் துப்பு.

கேஜ் சொன்னதும் அவர் கேட்டதும்

அவர் குற்றம் சாட்டியது கெக் மூடிகளை. அதற்குக் காரணங்களும் வைத்திருந்தார். ஒன்று, சிலிண்டரை ஃப்ரிட்ஜுக்குள் வைத்த அன்றே மேல் அழுத்தக் கேஜ் 800 சொச்சத்திலிருந்து 570 பக்கம் இறங்கியது. ஒரே நாளில் கால் பங்கு வாயு போய்விட்டது என்று நினைத்தார். இரண்டு, இரவு சிலிண்டர் வால்வை மூடிவிட்டுப் படுத்தால் காலையில் கீழ் அழுத்தக் கேஜ் பூஜ்யத்தில் இருந்தது.

முதல் காரணம் வெறும் வெப்பநிலை விவகாரம். சிலிண்டருக்குள் இருப்பதில் பெரும்பகுதி திரவம். திரவமும் அதன் மேலுள்ள வாயுவும் சேர்ந்து இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், மிச்சமிருக்கும் அளவு இல்லை. 20 டிகிரியில் சுமார் 830 பி.எஸ்.ஐ., 4 டிகிரியில் சுமார் 560. முழுச் சிலிண்டரும் பாதிச் சிலிண்டரும் ஒரே எண்ணைக் காட்டும். கடைசித் துளி திரவம் ஆவியான பிறகுதான் முள் உண்மையில் இறங்கத் தொடங்கும். அப்போது ஓடிப்போய் நிரப்பி வரத்தான் நேரம் இருக்கும். அந்தக் கேஜை எரிபொருள் முள்போல யாரும் படிக்கக் கூடாது.

இரண்டாவது காரணத்தில் விஷயம் இருந்தது. ஆனால் அது அவர் சொன்னதற்கு நேர் எதிராகப் பேசியது. காலையில் கேஜ் பூஜ்யம். சரி, கெக் மூடியிலுள்ள அழுத்த விடுவிப்பானை இழுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "நல்லா சீறும்" என்றார். கெக்கில் அழுத்தம் அப்படியே இருக்க, ரெகுலேட்டரில் மட்டும் காலி. நடுவில் இருப்பது செக் வால்வு. மூடி கசிந்திருந்தால் கெக்கும் சேர்ந்து காலியாகியிருக்கும். ஆகவே பெரிய ஓட்டை செக் வால்வுக்கு முன்னால், அதாவது சிலிண்டர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

கேஜ் இறங்குவதையே கசிவாக எடுத்துக்கொள்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பீர் இன்னும் வாயுவை உறிஞ்சிக்கொண்டிருக்கும் நாட்களில், சிலிண்டரை மூடினால் எந்தக் கசிவும் இல்லாமலேயே அழுத்தம் குறையும். செக் வால்வு வாயுவைக் கெக்கின் பக்கம் தாராளமாக விடும் அல்லவா. புதிதாக நிரப்பிய கெக்கை இணைத்துக்கொண்டு கசிவுச் சோதனை செய்வது அதனால் வீண் வேலை.

அவர் போகிறபோக்கில் சொன்ன ஒரு தகவலையும் இங்கே வைக்கிறேன்: காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்து குனிந்தால் மூக்கில் சுருக்கென்று ஏறுகிறதாம். பீரின் நெடி என்று நினைத்திருக்கிறார். அது அடர்த்தியான கார்பன் டை ஆக்சைடு மூக்கின் ஈரத்தில் கரைந்து அமிலமாவதால் வரும் எரிச்சல். முகர்ந்து பார்க்கும் விஷயமே இல்லை இது. வேலைத்தலங்களில் எட்டு மணி நேரச் சராசரிக்கு வைத்திருக்கும் வரம்பு 5,000 பி.பி.எம்., அதாவது அரை சதவீதம். 4 சதவீதம் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்ட அளவு. 2.27 கிலோ வாயு அறை வெப்பநிலையில் 1,200 லிட்டருக்கு மேல் விரியும். காற்றோட்டமே இல்லாத 30 கன மீட்டர் அறையில் அது முழுதும் ஒரேயடியாக வெளியேறினால் அந்த 4 சதவீதத்தைத் தொட்டுவிடும். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால் தாழ்ந்த இடத்தில்தான் முதலில் சேரும். முதல் வேலையாக ஃப்ரிட்ஜ் கதவையும் சன்னல்களையும் திறந்து வைத்தோம். சிலிண்டரை வெளியே எடுத்து நிமிர்த்தி, சாயாதபடி கட்டினோம்.

தராசு

கசிவைத் தேட எல்லோரும் சோப்புத் தண்ணீரைத்தான் முதலில் எடுப்பார்கள். என் பரிந்துரை தராசு. கசிவு இருக்கிறதா, எவ்வளவு, ஒரு மூட்டைச் சரிசெய்த பிறகு எவ்வளவு குறைந்தது என்பதற்கெல்லாம் எண்ணால் பதில் சொல்லும் ஒரே கருவி அதுதான். சிலிண்டரின் தோளில் காலி எடை பொறித்திருக்கும். அதைக் கழித்தால் உள்ளிருக்கும் வாயுவின் எடை கிடைக்கும். கசிவுக்கு அதுகூட வேண்டாம். ரெகுலேட்டரும் குழாயும் மாட்டியபடியே தராசில் நிறுத்தி, குறையும் கிராமை மட்டும் பார்த்தால் போதும். அவ்வளவு எடையைத் தாங்கி ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு போதும்.

இரண்டு கெக்குகளையும் கழற்றினோம். டிஸ்கனெக்ட் கெக்கில் இல்லாதபோது தானே மூடிக்கொள்ளும். ஆகவே இப்போது இருப்பது சிலிண்டரிலிருந்து டிஸ்கனெக்ட் வரையிலான பாதை மட்டும். 12 பி.எஸ்.ஐ. வைத்துத் தராசில் நிறுத்தினால் மணிக்கு 14 கிராம் இறங்கியது. வாரத்துக்குப் போட்டால் 2.3 கிலோ. கெக்குகளை இணைக்காமலேயே முழுக் களவும் கணக்கில் வந்துவிட்டது. மூடிகளுக்கு அப்போதே விடுதலை.

முதல் மூட்டு: சிலிண்டர் வால்வு

ரெகுலேட்டருக்கு முன்னாலா பின்னாலா என்பது அடுத்த கேள்வி. சிலிண்டரைத் திறந்து மூடிவிட்டுக் கேஜைப் பார்ப்பது போதாது. கீழ்ப்பக்கம் கசிந்தாலும் ரெகுலேட்டர் மேல்ப்பக்க வாயுவை எடுத்து அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். மேல் முள் இறங்கும், கீழ் முள் அசையாது. மேல்ப்பக்கம் கசிந்தாலும் அதே காட்சிதான். பிரித்தறிய, சரிப்படுத்தும் திருகை இடப்பக்கமாகத் திருப்பி முழுதும் தளர்த்திவிட வேண்டும். ரெகுலேட்டர் மூடிவிடும், மேல்ப்பக்கம் தனித்துவிடும். அப்புறம் சிலிண்டரைத் திறந்து மூடினால், அடைபட்டிருப்பது சில மில்லி லிட்டர் இடத்தில் உள்ள வாயு மட்டும். இவ்வளவு சிறிய இடத்தில் மயிரிழைக் கசிவுகூட முள்ளில் தெரிந்துவிடும். கீழ் முள் தானாக ஏறினால் ரெகுலேட்டருக்குள் வாயுவை அடைக்கும் இருக்கை பழுது என்று அர்த்தம். இங்கே கீழ் முள் ஏறவில்லை. மேல் முள் சில நிமிடங்களிலேயே பாதிக்கு வந்தது.

ஆக சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் மூட்டு. அவர் இதையும் சோப்புத் தண்ணீரால் பார்த்திருக்கிறார், குமிழியே வரவில்லை என்றார். பார்த்த இடம் நட்டின் முன்பக்கம், மரை வெளியே தெரியும் இடம். அங்கே டேப் அடைத்துக்கொண்டிருக்கிறது. வாயு நட்டின் பின்பக்கமாக, ரெகுலேட்டரின் தண்டு நுழையும் இடைவெளி வழியே போய்க்கொண்டிருந்தது. அங்கே சோப்புத் தண்ணீர் வைத்ததும் நுரை பொங்கியது. டேப் கசிவை நிறுத்தவில்லை, கண்ணுக்குத் தெரியாத பக்கமாகத் திருப்பிவிட்டிருந்தது.

கழற்றிப் பார்த்தால் காரணம் அங்கேயே இருந்தது. அந்த ரெகுலேட்டரின் தண்டு முனையில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உள்ளேயே பதித்து வந்திருக்கிறது. அப்படிப்பட்டவற்றுக்குத் தனி வாஷர் தேவையில்லை. சிலிண்டர் நிரப்பிய இடத்தில் கூடவே கொடுத்த பிளாஸ்டிக் வாஷரை இவர் அதற்கும் மேல் போட்டிருந்தார். ஓ-ரிங்குக்கு வால்வின் தட்டையான முகத்தில் உட்கார வழியில்லை. வாஷருக்கும் அதன் அடியில் தட்டையான ஆதாரம் இல்லை. இரண்டும் சேர்ந்து ஒன்றும் செய்யவில்லை.

இந்த ஆய்வில் நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். இந்த மூட்டில் மரை எதையும் அடைப்பதில்லை. இரண்டு முகங்களை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. அடைப்பது வாஷர் அல்லது ஓ-ரிங். கெக் வாயுப் பாதையில் இருக்கும் மூட்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான். மரையே அடைக்க வேண்டிய இடம், அதாவது டேப் கேட்கும் இடம், நுனியை நோக்கிக் குறுகும் கூம்பு மரை உள்ள இடம் மட்டும். எந்த மூட்டை எது அடைக்கிறது என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் டேப், எல்லாவற்றுக்கும் பலம் என்று போனால் சரியாக இருந்ததும் கெடும். இரண்டாவது சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தது அதனால்தான்.

டேப்பை உரித்து, வாஷரை எடுத்து, ஓ-ரிங்கைத் துடைத்துப் பார்த்து மாட்டினோம். மாட்டும் முன் வால்வை ஒரு கணம் திறந்து தூசியை ஊதினோம், முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு. ஸ்பேனரால் ஓரளவு இறுக்கம், அவ்வளவே. அதே தனிச் சோதனையில் மேல் முள் அசையவில்லை. தராசில் கசிவு மணிக்கு 4 கிராமாக இறங்கியது.

இரண்டாவது மூட்டு: இறுகியதுபோல் இருந்த பித்தளை

மிச்சமிருந்த 4 கிராமில் பெரும்பகுதி ரெகுலேட்டரின் வெளிவாயில். இங்கே டேப் இருப்பது தவறில்லை போலத்தான் தோன்றியது. மரை மூட்டு, டேப் சுற்றியிருக்கிறது, இறுக்கமாகவும் இருக்கிறது. ஆனால் சோப்பு நுரை ஒரே புள்ளியில் வராமல் மரையைச் சுற்றிலும் மெல்லப் பூத்தது.

ரெகுலேட்டரின் வாய் கால் அங்குல பி.எஸ்.பி. மரை. வாங்கி மாட்டிய பித்தளை கால் அங்குல என்.பி.டி. முதலாவது பிரிட்டிஷ் குழாய் மரைத் தரம், இரண்டாவது அமெரிக்கத் தரம். பெயரில் இரண்டும் கால் அங்குலம். அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் பி.எஸ்.பி.யில் அங்குலத்துக்கு 19 மரை, மரைக் கோணம் 55 டிகிரி. என்.பி.டி.யில் 18 மரை, 60 டிகிரி. இரண்டு மூன்று சுற்று உள்ளே போகும், பிறகு மரைகள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். கையில் அது அருமையாக இறுகியதுபோலவே இருக்கும். இன்னும் அழுத்தினால் பித்தளை நசுங்கி இடம் விடும், இறுக்கம் கூடியதாக இன்னும் நம்பிக்கை வரும். டேப் சில நாள் தாக்குப்பிடிக்கலாம். குளிரில் எல்லாம் சுருங்கும்போது கைவிடும்.

இவ்வளவு குட்டையான மரையில் 18க்கும் 19க்கும் வித்தியாசத்தைக் கண்ணால் எண்ணிப் பார்ப்பது கஷ்டம். மரை கேஜ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், டேப் இல்லாமல் வெறும் விரலால் திருகிப் பார்க்க வேண்டும். பொருந்தும் ஜோடி மூன்று நான்கு சுற்று சுகமாக ஓடும். பொருந்தாதது இரண்டாவது சுற்றிலேயே முரண்டு பிடிக்கும். டேப் சுற்றிய பிறகு இந்த உணர்வே தெரியாது. அதனால்தான் முதலில் வெறுமனே திருகிப் பார்க்கச் சொல்கிறேன்.

அந்த ரெகுலேட்டர் வாயின் மரை குறுகாமல் ஒரே விட்டத்தில் ஓடும் இணை மரை, முகம் தட்டை. ஆகவே அங்கேயும் அடைக்க வேண்டியது வாஷர்தான். டேப்புக்கு வேலையே இல்லை. உலோக வளையத்துக்குள் ரப்பர் ஒட்டிய வாஷருடன் சரியான பி.எஸ்.பி. இணைப்பைப் போட்டோம். நல்லவேளையாக ரெகுலேட்டர் பக்க மரை பெரிதாகச் சிதையவில்லை, சிதைந்தது பித்தளைத் துண்டின் மரை. கசிவு மணிக்கு ஒரு கிராமுக்கும் கீழே வந்தது.

கூம்புகளும் குழாய் முனைகளும்

ஒரு கிராம்தானே என்று விடலாமா? நொடிக்கு ஒரு மில்லி லிட்டர் வெளியேறும் கசிவு, கண்ணுக்கு நிதானமான குமிழி வரிசையாகத் தெரிவது, நாளுக்குச் சுமார் 160 கிராமைத் தின்னும். அது ஒரு கெக்குக்கான வாயு. ஒரு கிராமுக்குக் கீழ் என்பதும் மாதத்தில் அரை கிலோவைத் தாண்டிவிடும். விடவில்லை.

டிஸ்கனெக்டின் முனை கால் அங்குல ஃபிளேர். கூம்பு முகம் ஒன்று நட்டுக்குள் இருக்கும் இன்னொரு கூம்பில் போய் உட்காரும். அடைப்பது அந்த முகங்கள். இங்கே சுற்றிய டேப்பின் நுனி கூம்பின் மேல் ஏறிப் படிந்து, முகங்கள் சேரவிடாமல் ஒரு இழையாகக் கிடந்தது. அதை உரித்து, நைலான் ஃபிளேர் வாஷர் ஒன்றைக் கூம்பின்மேல் வைத்து, பிளாஸ்டிக் டிஸ்கனெக்ட் என்பதால் விரலால் இறுக்கியபின் ஸ்பேனரால் சிறிது மட்டும் திருப்பினோம். பிளாஸ்டிக் கூம்பை அழுத்தி நசுக்கிவிட்டால் புதிதுதான் வாங்க வேண்டும்.

குழாய் முனைகளில் இருந்த புழுத்திருகுக் கிளாம்ப்புகளில், அதாவது திருகால் இறுக்கும் உலோகப் பட்டைகளில், ஒன்றும் கசிந்தது. மெல்லிய குழாயில் இவ்வகை முழு வட்டமாக அழுத்தாது, திருகு இருக்கும் பக்கம் ஓர் இடைவெளி விடும். காதுபோன்ற மடிப்பை இடுக்கியால் அமுக்கி மூடும் வகைக்கு மாற்றினோம். விலை சொற்பம், ஒருமுறைதான் பயன்படும். அழுத்திச் செருகும் இணைப்புகளுக்கு மாறலாமா என்று கேட்டார். மாறலாம், நானே அவற்றை விரும்புகிறேன். ஆனால் குழாயைச் சதுரமாக வெட்ட வேண்டும், இணைப்பிலிருந்து வெளியே வந்ததும் வளைக்கக் கூடாது, அளவும் சரியாக இருக்க வேண்டும். 5/16 அங்குலமும் 8 மில்லி மீட்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். கால் அங்குலம் 6 மில்லி மீட்டர் இல்லை, 6.35.

கெக்குகள் தனியாக

வாயுப் பாதை சுத்தமான பிறகு கெக்குகளைப் பார்த்தோம். இதற்குள் ஒன்று காலியாகியிருந்தது. அதை 30 பி.எஸ்.ஐ.க்கு ஏற்றி, டிஸ்கனெக்டைக் கழற்றி, ஃப்ரிட்ஜுக்கு வெளியே ஓர் இரவு விட்டு, கேஜ் பொருத்திய டிஸ்கனெக்டால் அளந்தோம். முன்பே ஒன்று சொல்லிவைத்தேன்: அறையில் ஏற்றிவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்து அளந்தால் குளிர்ச்சியாலேயே 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் குறையும். அதற்காகத்தான் வெளியே விட்டது. இன்னொன்று, கெக் பெரிய இடம். அதில் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தாலே இரண்டு கிராமுக்கு மேல் போயிருக்கிறது. முள் அசையவில்லை என்றாலும் சிறு கசிவு ஒளிந்திருக்கலாம். ஆகவே மூடியின் விளிம்பு, விடுவிப்பான், இரண்டு போஸ்ட்டுகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர்.

மூடிகள் இரண்டும் குற்றமற்றவை. இரண்டாவது கெக்கின் வாயுப் போஸ்ட்டில் மட்டும், டிஸ்கனெக்டைப் பக்கவாட்டில் தள்ளினால் நுரை வந்தது. போஸ்ட்டைச் சுற்றியுள்ள சிறிய ஓ-ரிங்கில் ஒரு கீறல். மாற்றி, உணவுத் தர சிலிக்கோன் கிரீஸை மெல்லத் தடவினோம். போஸ்ட்டுகளைக் கழற்றியபோது கவனிக்க வேண்டியது: வாயுப் போஸ்ட்டின் அறுகோண அடியில் பள்ளங்கள் வெட்டியிருக்கும், திரவப் போஸ்ட்டில் இருக்காது. இடம் மாற்றிப் போட்டால் சாம்பல் டிஸ்கனெக்ட் திரவப் போஸ்ட்டில் சிக்கிக் கழற்ற முடியாமல் நிற்கும். போஸ்ட்டின் மரைகளும் கெக் தயாரித்தவரைப் பொறுத்து மாறும், ஒன்றின் போஸ்ட்டை இன்னொன்றில் வலுக்கட்டாயமாக ஏற்றக் கூடாது. போஸ்ட் அடியில் சுற்றியிருந்த டேப்பையும் எடுத்தாயிற்று. அங்கே அடைப்பது உள்குழாயின் கழுத்தில் இருக்கும் ஓ-ரிங்.

கெக்குகளைக் கழற்றி வைத்து மறுபடி நாள் முழுக்கத் தராசில் நிறுத்தியதில் கிராம் அசையவில்லை. பிறகு கெக்குகளை இணைத்து, அன்றாடம் எடையைக் குறித்துவைத்தார். பீர் வாயுவை உறிஞ்சிய நாட்களில் குறைந்தது, நிறைவுற்றதும் நின்றது, குடித்த நாட்களில் மட்டும் சில கிராம் இறங்கியது.

முடிவு ஆகாத விஷயம் சிலிண்டரின் இடம். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வைத்தால் ஓட்டை போட வேண்டாம், ஆனால் கசிவு வந்தால் மூடிய பெட்டிக்குள் சேரும், இடமும் போகும். வெளியே வைத்துக் குழாயை மட்டும் உள்ளே விடுவதுதான் என் கட்சி. துளையிடும் முன் குளிரூட்டும் குழாய்கள் பக்கச் சுவரில் எங்கே ஓடுகின்றன என்று உறுதி செய்துகொள்ள வேண்டும், அதைத் துளைத்துவிட்டால் ஃப்ரிட்ஜ் போச்சு. அவர் இப்போதைக்குக் கதவின் ரப்பர் ஓரத்தில் குழாயைச் செருகி ஓட்டிக்கொண்டிருக்கிறார். சிலிண்டர் வெளியே, தராசின் மேல், சுவரோடு சேர்த்துக் கட்டி நிற்கிறது.